வீட்டுச் சுவரும் அச்சுப் படமும்

பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பின் பொருட்டு வேற்றூர் சென்ற நம்மவர், அங்கே புது வீடு புகும்போது முதலில் பால் காய்ச்சுகின்றனர். அடுத்துச் சுவரில் ஓர் ஆணி அடித்து ஒரு படத்தை மாட்டுகின்றனர். அது முருகன் படமாக இருக்கலாம். திருமகள் படமாக இருக்கலாம். வேளாங்கண்ணி மாதாவின் படமாகவோ நாகூர்த் தர்காவின் படமாகவோ இருக்கலாம். பாயும் பாத்திரமும் பின்னால் வந்து சேரும். படம் முதலிலேயே வந்துவிடுகிறது.

அந்த முதற் படத்துக்குக் காட்டும் அக்கறையை, அதன் பின்னர்ச் சுவரில் ஏறும் மற்றப் படங்களுக்கு நாம் காட்டுவதில்லை. மளிகைக் கடையில் கொடுத்த காலண்டர், திருமணத்தில் வந்த பரிசு, சந்தையில் மலிவாகக் கிடைத்த நீர்வீழ்ச்சி என்று, தாமாக வந்தவை தாமாகவே இடம் பிடித்துக்கொள்கின்றன. அரிசி வாங்கும்போது கையில் அள்ளிப் பார்த்து வாங்குகிறோம். நாள்தோறும் கண்ணில் படப்போகும் படத்தை மட்டும் பாராமலே வாங்குகிறோம். இதைப் பற்றியே இன்று உங்களுடன் சிறிது நேரம் பேச விழைகிறேன்.

நான் வாழும் இடம் அந்தமான். போர்ட் பிளேர் என்று நெடுங்காலம் வழங்கி, 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய நகரம். சென்னையிலிருந்து கப்பலில் வந்தால் ஏறக்குறைய மூன்று நாள் பயணம். தென்மேற்குப் பருவக்காற்றும் வடகிழக்குப் பருவக்காற்றும் இரண்டுமே இங்கு மழை கொணர்வதால், ஆண்டில் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பொழிகிறது. துணி உலராது, உப்பு நீர்த்துப்போகும், புத்தகத்தில் பூசணம் பூக்கும். காகிதத்துக்கு இதைவிடப் பொல்லாத ஊர் வேறு இராது. ஆகவே ஒரு படத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிக் காப்பது என்பதை இந்த ஊர் எனக்குச் சற்றுக் கடுமையாகவே கற்பித்தது.

என் தந்தையார் கோவிற்பட்டிப் பக்கத்துக்காரர். சாத்தம் மர அறுவை ஆலையில் வேலைக்கென வந்தபோது, வள்ளி தெய்வானையுடன் முருகன் நிற்கும் காலண்டர்ப் படம் ஒன்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, துணி மூட்டையின் நடுவில் பொதிந்து கப்பலில் கொண்டுவந்தார். அவர் காலத்துக்குப் பின்னும் அது எங்கள் கூடத்துச் சுவரில் இருந்தது. ஓர் ஐப்பசி மழைக்குப் பிறகு, முருகன் முகத்தில் நரைத்தாற்போல் ஒரு திட்டுத் தெரிந்தது. துடைத்துப் பார்த்தேன், அழுக்கு வெளியில் இல்லை, உள்ளே இருந்தது. சட்டத்தைக் கழற்றிக் காகிதத்தை எடுக்க முயன்றேன். ஈரத்தால் அது கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. முகம் கண்ணாடியிலும் உடல் காகிதத்திலுமாகப் பிரிந்து வந்தது. என் தாயார் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அன்று மாலை விளக்கை வெறுஞ் சுவருக்கு முன்னாலேயே ஏற்றி வைத்தார்.

'போனது ஒரு காலண்டர்ப் படந்தானே, அச்சடித்த தாள்தானே' என்று எனக்கு ஆறுதல் கூறியவர் உண்டு. அச்சுப் படம் என்றால் தாழ்ந்தது, கையால் எழுதிய ஓவியமே உயர்ந்தது என்ற எண்ணம் நம்மிடையே இருக்கிறது. அது எவ்வளவு சரி என்று பார்ப்போம்.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு, நல்ல ஓவியம் என்பது அரண்மனைக்கும் செல்வர் மாளிகைக்கும் உரிய பொருள். 1848-இல் கிளிமானூரில் பிறந்த ராஜா ரவிவர்மாவின் தைல வண்ண ஓவியங்களும் அவ்வாறே மன்னர் மாளிகைகளில் தொங்கின. அவற்றை அச்சிட்டு எல்லார்க்கும் எட்டச் செய்யலாம் என்று அவருக்கு எடுத்துரைத்தவர்களுள் ஒருவர், கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூர் முதலிய சமஸ்தானங்களில் திவானாக விளங்கிய மாதவராவ். 1894-இல் பம்பாயில் ரவிவர்மா அச்சகம் தோன்றிற்று. கல்லச்சு முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு கல் அமைத்து, ஒரே தாளைப் பல முறை அழுத்தி எடுத்தனர். அவ்வாறு வெளிவந்த திருமகளும் கலைமகளும், கோவிலுக்குள் நுழைய இடமில்லாதிருந்தவர் குடிசையிலும் குடிபுகுந்தனர். எட்ட நின்று வணங்கவேண்டியிருந்த தெய்வத்தைக் கையருகே கொணர்ந்தது அந்தத் தாள்.

தமிழ்நாட்டில் இப்பணியைச் செய்தவர் சி. கொண்டையராஜு. 1898-இல் பிறந்து 1976-இல் மறைந்தவர். சென்னைக் கலைப் பள்ளியில் பயின்றவர். நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதியவர். பின்னர்க் கோவிற்பட்டியில் நிலைத்தவர். டி. எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம் முதலிய மாணவர்கள் அவரிடம் உருவாயினர். அருகிலிருந்த சிவகாசியில், தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் மேலொட்டி அச்சிடுவதில் தேர்ந்த அச்சகங்கள் காலண்டர் அச்சிடவும் முற்பட்டன. கோவிற்பட்டித் தூரிகையும் சிவகாசி இயந்திரமும் சேர்ந்ததனால், நம் தெய்வங்கள் கடல் கடந்து அந்தமானுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் போயின. நாடகத் திரையின் மலையும் மயிலும் தாமரைக் குளமும் நம் பூசை அறைக்கு வந்த வரலாறு இதுவே. ஆகவே நேயர்களே, அச்சுப் படம் தாழ்ந்ததன்று. எளியோரையும் நாடி வந்த கலை அது. மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக அலட்சியமாகத் தேர்ந்தெடுப்பதுதான் நம் குறை.

இனித் தேர்ந்தெடுக்கும் முறைக்கு வருவோம்.

முதலாவது, சுவரின் வேலையை அறிந்து கொள்ளுங்கள். பூசை அறைப் படம் வணங்குவதற்கு உரியது. அதற்குக் குங்குமமும் புகையும் உண்டு. அங்கே கலை நயத்தைவிடப் பழக்கத்துக்கும் பக்திக்குமே முதலிடம். பாட்டி கும்பிட்ட படம் மங்கியிருந்தாலும் அதை மாற்றச் சொல்ல எவர்க்கும் உரிமையில்லை. கூடத்துப் படமோ விருந்தினர் கண்டு பேசுவதற்கும், வீட்டார் கண்டு இளைப்பாறுவதற்கும் உரியது. படுக்கை அறைக்கு அமைதி வேண்டும்; பிள்ளைகள் படிக்கும் அறைக்கு அறிவைத் தூண்டுவது வேண்டும். இந்த நான்கையும் கலந்து, ஒரே சுவரில் முருகனையும் நடிகரையும் நீர்வீழ்ச்சியையும் நெருக்கி மாட்டினால், ஒன்றையும் நம் கண் காணாது.

இரண்டாவது, அச்சின் தரத்தைச் சோதித்து வாங்குங்கள். இதற்குப் பெரிய பயிற்சி தேவையில்லை. முகத்தில் இதழையும் கண்ணையும், ஆடையில் கரையையும் உற்று நோக்குங்கள். இதழின் சிவப்பு இதழை விட்டு நகர்ந்திருந்தால், நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தாமல் அச்சாகியிருக்கிறது என்று பொருள். உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் அதைக் கொண்டு பாருங்கள். ஆப்செட் அச்சில் நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு நிறப் புள்ளிகள் ஒழுங்காகத் தெரியும். பழைய கல்லச்சுப் படத்தில் ஒழுங்கற்ற மணல் போன்ற துகள்கள் தெரியும். 'இது ரவிவர்மா அச்சகத்துப் பழம்படம்' என்று சொல்லி யாரேனும் மிகுந்த விலை கேட்டால், இந்தச் சோதனை உங்களை ஓரளவு காக்கும்.

இக்காலத்தில் கணிப்பொறி வழியாக எந்தப் படத்தையும் எந்த அளவிலும் அச்சிட்டுத் தருகின்றனர். அவ்வாறு வாங்கும்போது கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பயன்படுத்துவது சாய மையா, நிறமி மையா? நிறமி மை நெடுநாள் நிற்கும். சாய மை விரைவில் வெளிறும். சிறிய படத்தைப் பெரிதாக்கினால் கோடுகள் கலங்கிவிடும் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

அச்சிலேயே மற்றொரு வகையும் உண்டு. ஓவியர் தாமே மரத்திலோ செப்புத் தகட்டிலோ செதுக்கி, தம் கையாலேயே சில படிகள் மட்டும் எடுத்து, அடியில் பென்சிலால் கையொப்பமிடுவார். அதன் பக்கத்தில் 5/30 என்று எழுதியிருந்தால், முப்பது படிகளுள் இது ஐந்தாவது என்று பொருள். ஓவியர் கே. சி. எஸ். பணிக்கர் முதலியோர் 1966-இல் சென்னைக்கு அருகே நிறுவிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் போன்ற இடங்களுக்கு விடுமுறையில் ஊர் செல்லும்போது ஒருமுறை போய் வாருங்கள். வாழும் ஓவியர் ஒருவரின் சிறு படி ஒன்று வீட்டிலிருப்பது வீட்டுக்கும் அழகு, அவர்க்கும் உதவி.

மூன்றாவது, எதைத் தேர்ந்தெடுப்பது? வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இந்தக் கேள்வி சற்று ஆழமானது. நம் பிள்ளைகள் பள்ளியில் இந்தி படிக்கின்றனர். தெருவில் வங்காளமும் தெலுங்கும் கேட்கின்றனர். அவர்களுக்குத் தமிழகம் என்பது கோடை விடுமுறையில் ஒரு மாதம் காணும் பாட்டி வீடு. ஆண்டின் மற்றப் பதினொரு மாதங்களும் அவர்களுக்குத் தமிழகத்தைக் காட்டுவது யாது? பெரும்பாலும் நம் பேச்சும் உணவும். அவற்றுக்கு அடுத்தபடி நம் சுவர்.

தஞ்சைப் பெரிய கோவில் கோபுரத்தின் நிழற்படம் பலர் வீட்டில் உண்டு. 1010-இல் நிறைவுற்ற அக்கோவிலின் கருவறையைச் சுற்றிய இருண்ட நடையில், பிற்கால ஓவியத்தின் அடியில் சோழர் கால ஓவியங்கள் மறைந்து கிடந்தன. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி 1931-இல் அவற்றைக் கண்டறிந்தார். சுந்தரர் யானை மீதும் சேரமான் பெருமாள் குதிரை மீதும் கயிலை செல்லும் காட்சி அங்கே இருக்கிறது. சுவர் முழுவதையும் சிறு தாளில் அடக்கிய படத்தைவிட, அந்தக் குதிரையை மட்டும், அல்லது ஆடல் மகள் ஒருத்தியை மட்டும் பெரிதாகக் காட்டும் படம் வீட்டுக்கு ஏற்றது. புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசலில், சமணக் குகையின் விதானத்தில் ஒரு தாமரைக் குளம் தீட்டப்பட்டிருக்கிறது. மீனும் வாத்தும் யானையும் எருமையும் உலவ, இளைஞர் பூக் கொய்கின்றனர். சிறு பிள்ளை உள்ள வீட்டுக்கு அதைவிட நல்ல படம் எனக்குத் தோன்றவில்லை. 'எத்தனை மீன் இருக்கிறது, சொல்' என்று கேட்டே ஒரு மாலையைக் கழிக்கலாம்.

பலர் விரும்பும் தஞ்சாவூர் ஓவியத்தைப் பற்றி ஒரு சொல். பலகையில் சுண்ணப் பூச்சால் மேடு எழுப்பி, தங்க ரேக்கு ஒட்டி, கற்கள் பதித்துச் செய்வது அது. அதன் அழகு விளக்கொளி அந்த மேட்டில் பட்டு மின்னுவதில் இருக்கிறது. அதைத் தட்டைத் தாளில் அச்சிட்டால் தங்கம் மஞ்சளாகிவிடும். அச்சில் நன்கு வருவதை அச்சில் வாங்குங்கள்; அச்சில் வாராததைப் பணம் சேர்த்துப் பிறகு வாங்குங்கள்.

தாயகம் மட்டும் போதுமா என்றால், போதாது என்பேன். வாழ வந்த மண்ணுக்கும் சுவரில் இடம் வேண்டும். அதன் காற்றை உண்டு, அதன் சுவரில் வேற்றூரை மட்டும் மாட்டிக்கொள்வது நன்றியாகாது. எங்கள் வீட்டில் பிள்ளைகள் அறையில் தீவுகளின் வரைபடம் ஒன்றும், நார்க்கொண்டம் தீவைத் தவிர உலகில் வேறெங்கும் வாழாத இருவாட்சிப் பறவையின் படம் ஒன்றும் இருக்கின்றன. நீங்கள் தில்லியிலிருந்தால் யமுனைக் கரையும், கொல்கத்தாவிலிருந்தால் காளிகாட்டுப் படமும், மும்பையிலிருந்தால் வார்லி மக்களின் வெண்கோட்டுச் சித்திரமும் உங்களுக்குக் கிடைக்கும்.

இத்தீவுகளிலேயே வீட்டுச் சித்திரத்துக்கு ஒரு பழைய மரபு உண்டு. நிகோபாரின் நடுத் தீவுகளான நன்கௌரி முதலிய இடங்களில், முன்னாளில் வீட்டில் நோய் கண்டால், பலகையிலோ கமுகம்பாளையிலோ கதிரவனும் திங்களும், மீனும் கப்பலும், குடிசையும் தென்னையும் தீட்டி வீட்டினுள் தொங்கவிட்டனர். 'ஹெந்தா' என்று அதற்குப் பெயர். தீய ஆவி அதைக் கண்டு அஞ்சி ஓடும் என்பது நம்பிக்கை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு அதிகாரியாயிருந்த ஈ. எச். மேன் நிகோபார் மக்களின் கைப்பொருள்கள் பலவற்றைத் திரட்டினார். அயல்நாட்டு அருங்காட்சியகங்களில் இன்று ஹெந்தாக்கள் சில உள்ளன. வாசலில் திருஷ்டிப் பொம்மை கட்டும் நமக்கு இந்த மனநிலை புரியாததன்று. படம் வீட்டைக் காக்கிறது என்று அவர்களும் எண்ணினர்; நாமும் எண்ணுகிறோம்.

இங்கேயே ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். ஜாரவா முதலிய பழங்குடியினரின் படங்களை அழகுக்காக மாட்ட விரும்புவோர் சிலர் உண்டு. அம்மக்களைக் காக்க 1956-இல் ஏற்பட்ட ஒழுங்குமுறைச் சட்டம் 2012-இல் மேலும் கடுமையாக்கப்பட்டது. அவர்கள் பகுதியில் புகுந்து படமெடுப்பது தண்டனைக்குரிய குற்றம். சட்டம் இருக்கட்டும். தம்மைப் படமெடுக்க இசையாத மனிதரைச் சட்டத்துக்குள் அடைத்து, நம் விருந்தினர் பார்க்க மாட்டுவது அலங்காரமாகாது. நம் பாட்டனாரின் படத்தை எவனோ முன்பின் அறியாதவன் தன் கூடத்தில் வேடிக்கைக்கு மாட்டினால் நமக்கு எப்படியிருக்கும்?

நான்காவது, மாட்டும் முறை. நின்றவர் கண்மட்டத்துக்குப் படத்தின் நடு வரவேண்டும். அதாவது தரையிலிருந்து சுமார் 145 சென்டிமீட்டர். ஆனால் நம் வீடுகளில் பாயில் அமர்ந்து பேசும் வழக்கம் இருக்குமாயின், சற்றுத் தாழ்த்தியே மாட்டலாம். விட்டத்துக்கு அருகே சாய்த்து மாட்டிய படங்களை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அவற்றைப் பல்லியைத் தவிர எவரும் பார்ப்பதில்லை. வெயில் நேரே விழும் சுவரும் ஆகாது. முடிதிருத்தும் கடைகளில் நீலம் பாய்ந்த பழைய காலண்டர்களைக் கண்டிருப்பீர்கள். வெயிலில் சிவப்பும் மஞ்சளும் முதலில் ஓடிவிட, நீலமும் கறுப்பும் மட்டும் எஞ்சுவதால் வருவது அந்தத் தோற்றம்.

ஐந்தாவது, காக்கும் முறை. என் தந்தையார் படத்தைப் பறிகொடுத்து நான் கற்ற பாடம் இது. காகிதம் கண்ணாடியைத் தொடவே கூடாது. இரண்டுக்கும் இடையே நடுவில் சாளரம் வெட்டிய தடித்த அட்டை ஒன்றை வைக்கச் சொல்லுங்கள். ஃபிரேம் போடுவோர் அதை மவுண்ட் என்பர். அமிலமற்ற அட்டையாயின் காகிதம் மஞ்சளிக்காது. பின்பலகையின் ஓரத்தைத் தாள் ஒட்டி அடைத்தால் இராமபாணப் பூச்சி நுழையாது. சட்டத்தின் கீழ் மூலைகளில் இரண்டு தக்கைத் துண்டுகளை ஒட்டினால், சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று உலவும். சுவரின் ஈரம் படத்தில் ஏறாது. மழை நேரே அறையும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். கண்ணாடியை உலர்ந்த துணியால் துடையுங்கள். ஒவ்வொரு மழைக்காலமும் முடிந்தபின் ஒருமுறை கழற்றிப் பின்புறத்தைப் பாருங்கள்.

சட்டத்துக்கு மரம் எது? எங்கள் ஊரில் படாக் மரம் புகழ் பெற்றது. சிவந்த நிறம், கறையான் எளிதில் தொடாது. அது நம் மலைகளில் வளரும் வேங்கையின் இனத்தைச் சேர்ந்தது. வள்ளியின் கதையில் முருகன் வேங்கையாகி நின்றதைக் கேட்டு வளர்ந்த எனக்கு, இதை அறிந்த நாளில் இந்தக் காடு கொஞ்சம் உறவாகத் தோன்றிற்று. நீங்கள் வாழும் ஊரில் தேக்கோ பலாவோ கிடைக்கும். மரமே எட்டாதெனில் எளிய சட்டமும் போதும். ஆனால் நடு அட்டையை விட்டுவிடாதீர்கள்.

இறுதியாக ஒன்று. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை இத்தீவுகளைத் தாக்கிற்று. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர் ரப்பர்த் தோட்டத்தில் உழைத்து வாழ்ந்த கச்சால் தீவு பெருந்துயருற்றது. வீட்டோடு சுவரும், சுவரோடு படமும் போயின. கடையில் வாங்கிய படத்துக்கு மற்றொரு படி உண்டு. பெற்றோரின் திருமண நிழற்படத்துக்கு ஏது? ஆதலால் வீட்டிலுள்ள பழைய நிழற்படங்களைப் படியெடுத்து, ஊரிலுள்ள உறவினர் ஒருவரிடமும் ஒன்று இருக்கச் செய்யுங்கள். மலிவான அச்சுக்கு இருக்கும் இந்த ஒரு வலிமையை நாம் நம் குடும்பத்துக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டுக் கதையை முடித்துவிடுகிறேன். சில ஆண்டுகளுக்குப் பின் கோவிற்பட்டி சென்றிருந்தபோது, ஒரு கண்ணாடிக் கடையின் பழைய கட்டில் அதே முருகன் படத்தைக் கண்டேன். அதே மயில், அதே மலை, வள்ளியின் கையில் அதே தாமரை. வாங்கிவந்து, இம்முறை நடு அட்டை வைத்து, படாக் சட்டமிட்டு மாட்டினேன். என் தாயார் நெடுநேரம் பார்த்தார். 'அவரேதான், ஆனால் நம் வீட்டுக்குப் புதிது. பழகிவிடுவார்' என்றார். பிறகு நெற்றியில் குங்குமம் வைத்தார். அந்தக் குங்குமம் இப்போது கண்ணாடியில் தடித்திருக்கிறது.

ஆகவே நேயர்களே, பல படம் வேண்டா. சில படம் போதும். அவற்றை ஆய்ந்து வாங்குங்கள், காற்றோடு மாட்டுங்கள், பிள்ளைகளுக்கு அவற்றின் கதையைச் சொல்லுங்கள். எந்த ஊரில் இருந்தாலும் அந்தச் சுவர் உங்கள் வீட்டுச் சுவராகும்.